பதினோரு கணினிக்கு ஒரே பெயர்

குழந்தை செத்துப்போன செய்தி வெள்ளிக்கிழமை காலையில் வந்தது. செஞ்சியில் வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தை. ஆடு ஏற்றிய வண்டிகள் ரோட்டை அடைத்துக்கொண்டு நிற்கும்; அவை அடிக்கிற ஹாரனில், மோட்டார் கடைக்கு மேலே மாடியில் இருக்கிற வேல்நிலா சிஸ்டம்ஸில் பக்கத்து நாற்காலிக்காரர் பேசுவதுகூடக் காதில் விழாது. அந்த இரைச்சலில்தான் முதலாளி வெற்றிவேல் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, "இன்னா சார் சொல்றீங்க? எந்தக் கொழந்த?" என்று மூன்று தடவை கேட்டார். மூன்றாவது தடவை பதில் விளங்கியிருக்க வேண்டும். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

அவர் நடத்துவது ஆஸ்பத்திரிகளுக்கு மென்பொருள் எழுதிக் கொடுக்கும் கம்பெனி. செஞ்சியில் போய் சாஃப்ட்வேர் கம்பெனியா என்று சிரித்தவர்கள் உண்டு. சிரித்தவர்கள் சிரித்துக்கொண்டே இருக்க, சுற்று வட்டாரத்தில் பதினான்கு தனியார் ஆஸ்பத்திரிகளில் அவர்களுடைய மென்பொருள் ஓடியது. நர்ஸ் நோயாளியின் எடையைத் தட்டினால், எந்த மருந்து எவ்வளவு என்று சீட்டு அச்சாகி வரும். அந்தச் சீட்டைப் பார்த்துத்தான் ஊசி போடுவார்கள்.

செத்தது பதினான்கு மாதக் குழந்தை. காய்ச்சல் முற்றி வலிப்பு வந்து தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். எடை எட்டரைக் கிலோ. 8.5 என்று தட்டவேண்டிய நர்ஸ் பதற்றத்தில் புள்ளியை விட்டுவிட்டு 85 என்று தட்டிவிட்டாள். எண்பத்தைந்து கிலோ ஆளுக்கு எவ்வளவு வலிப்பு மருந்து போகுமோ அவ்வளவும் சீட்டில் வந்தது. வேலைக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகாத பெண். சீட்டில் இருந்ததைப் போட்டுவிட்டாள். குழந்தை தூங்கியது. பிறகு எழுந்திருக்கவில்லை.

நர்ஸின் தப்பு இல்லையா என்றால், இருக்கிறது. ஆனால் அப்படிப்பட்ட தப்பைப் பிடிப்பதற்கென்றே அந்த மென்பொருளில் ஓர் ஏற்பாடு இருந்தது. குழந்தைகள் வார்டில் யாராவது இருபத்தைந்து கிலோவுக்கு மேல் எடை தட்டினால், திரையில் சிவப்பாக ஒரு பெட்டி வந்து, 'எடை சரிதானா? இன்னொரு முறை பாருங்கள்' என்று மறிக்கும். அந்தப் பெட்டிக்கான ஆறு வரிகளை மூன்று வருஷத்துக்கு முன்னால் எழுதியவள் ஷோபனா. அந்த ஆபீஸின் முதல் ஆள், மூத்த ஆள், கெட்டிக்காரி. அன்று அந்தச் சிவப்புப் பெட்டி வரவில்லை. அதற்குப் பதினோரு நாளைக்கு முன்னால் யாரோ அந்த ஆறு வரிகளுக்கும் முன்னால் இரண்டிரண்டு கோடு போட்டு அவற்றை ஓடாமல் நிறுத்தியிருந்தார்கள்.

யாரோ என்ன யாரோ! திரையில் பெயர் பளிச்சென்று இருந்தது. ஷோபனா. திங்கட்கிழமை, காலை 11.42. பக்கத்தில் எழுதியிருந்த குறிப்பு ஒரே சொல்: 'டெம்ப்'. தற்காலிகமாம்.

"நான் இல்ல சார்," என்றாள் ஷோபனா. "அந்தப் பொட்டிய எழுதினதே நான். நானே போயி அத எடுப்பனா?"

வெற்றிவேல் அவளை நம்பினார். நம்பாமல் என்ன? பெயர் அவளுடையதாக இருப்பதில் ஒரு அர்த்தமும் இல்லை என்று அவருக்குத்தான் நன்றாகத் தெரியுமே.

இதற்கு அந்த ஆபீஸின் கூத்து ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மென்பொருள் எழுதுகிற இடத்தில் யார், எந்த நாள், எந்த வரியை மாற்றினார் என்று பெயரோடு பதிந்துவைக்க ஓர் ஏற்பாடு உண்டு, கிட் என்பார்கள். ஆரம்பத்தில் ஷோபனா ஒருத்திதான் வேலைக்கு இருந்தாள். நிரல் எழுதுகிற எடிட்டரோடு கிட்டை அவளே கோத்து வைத்தாள். இடது ஓரத்தில் ஒரு பட்டன். அழுத்தினால் செய்த மாற்றம் அவள் பெயரில் பதிவாகும். பதிவானது தானாகவே பொதுக் கிடங்குக்குப் போகும். அங்கிருந்து தானாகவே பதினான்கு ஆஸ்பத்திரிக்கும் போகும். பட்டனை அழுத்தி ஆறு நிமிஷத்தில் எல்லாம் முடிந்துவிடும். அதில் அவளுக்கு அத்தனை பெருமை.

அப்புறம் மூடிப்போன கல்லூரி ஒன்றிலிருந்து வெற்றிவேல் பத்துக் கணினிகளை மொத்தமாக வாங்கி வந்தார். ஒவ்வொன்றிலும் எல்லாவற்றையும் புதிதாக ஏற்றுவது கழுத்தறுப்பு வேலை. பஸ் ஸ்டாண்டு பக்கம் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிறவனைக் கூப்பிட்டு, ஷோபனாவின் டிஸ்கை அப்படியே பத்துக்கும் காப்பி எடுக்கச் சொன்னார். அவன் ஒரே நாளில் முடித்துக் கொடுத்துவிட்டான். அன்றிலிருந்து பதினோரு கணினியில் எவர் பட்டனை அழுத்தினாலும் பதிவில் ஷோபனா என்றே விழுந்தது. பாஸ்வேர்டும் ஒன்று, கிடங்கைத் திறக்கிற சாவியும் ஒன்று, பெயரும் ஒன்று.

முதல் வாரமே அவள் கவனித்தாள். சொல்லவும் செய்தாள். "ஒரே கம்பெனிதானம்மா. யார் பேர்ல போனா இன்னா? வுடு," என்றார் வெற்றிவேல். ஒவ்வொரு கணினியிலும் பெயரை மாற்ற மொத்தமாக அரை நாள் போதும். அவள் மாற்றவில்லை. ஏன் மாற்றவில்லை என்பதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கதையே பொய்.

ஆஸ்பத்திரிக்காரர்களை எல்லாம் கூட்டிப் புதுச்சேரியில் ஒரு கூட்டம் போட்டார்கள். யார் எத்தனை மாற்றம் செய்தார்கள் என்று திரையில் காட்டியபோது ஷோபனா பெயரில் நாலாயிரத்துச் சொச்சம், மற்ற பத்துப் பேருக்கும் சைபர். ஒரு பெரிய டாக்டர் எழுந்து, "இந்தப் பொண்ணுதான் உங்க கம்பெனியையே தூக்கி நிறுத்துதா?" என்று கேட்டார். வெற்றிவேல் சிரித்தார். ஷோபனாவும் சிரித்தாள். 'இல்லை சார், அது எல்லாருடைய வேலையும்' என்று ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம், வாய் வரவில்லை. அவளுக்குக் கேடயம் கொடுத்தார்கள். பட்டுப்புடவையில் கேடயத்தோடு நின்ற போட்டோ சிங்கவரம் ரோட்டில் காலனி வீட்டுச் சுவரில் ஏறியது. நூறு நாள் வேலைக்கு மண்வெட்டி தூக்கிப் போகிற அவள் அம்மா பவுனம்மாள், வீட்டுக்கு வருகிறவர்கள் போகிறவர்களுக்கெல்லாம் அதைக் காட்டினாள். வலிய வந்த பெயரை வேண்டாம் என்று சொல்ல எந்த மகளுக்கு மனசு வரும்?

அடுத்து நடந்ததுதான் அநியாயம். ஒருவர் செய்த மாற்றத்தை இன்னொருவர் பார்த்துச் சரி சொன்னால்தான் ஆஸ்பத்திரிக்குப் போகும் என்று ஒரு நல்ல விதியை ஷோபனாவே போட்டாள். போட்ட மறுநாளே எல்லாம் நின்றுபோனது. செய்தவர் பெயரும் ஷோபனா, சரி சொல்கிறவர் பெயரும் ஷோபனா. உன் வேலையை நீயே சரிபார்க்க முடியாது என்று மறுத்துவிட்டது கிட். நியாயமான பேச்சுதான். பெயர்களைப் பிரித்திருக்க வேண்டும். அதற்கு அரை நாள். விதியை எடுத்துவிட ஒரு டிக், ஒரு விநாடி. அவள் டிக்கை எடுத்தாள். அதற்குப் பிறகு அங்கே யாருடைய வேலையையும் யாரும் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை குழந்தையின் தாய் வந்தாள். மேல்சித்தாமூருக்கு அந்தப் பக்கம் ஏதோ ஊர். ஜெயக்கொடி என்று பெயர். முப்பது வயசுகூட இருக்காது. தலை வாராமல், கையில் அந்த மருந்துச் சீட்டை நாலாக மடித்து வைத்துக்கொண்டு மாடி ஏறி வந்தாள். சீட்டின் அடியில் பொடி எழுத்தில் வேல்நிலா சிஸ்டம்ஸ், செஞ்சி என்று இருந்ததை யாரோ படித்துச் சொல்லியிருக்கிறார்கள்.

"இத அடிச்சது யாரு?" என்று கேட்டாள்.

வெற்றிவேல் எழுந்து, "உக்காரும்மா, தண்ணி குடி," என்றார்.

"தண்ணி வேணாம் சார். யாருன்னு சொல்லு. அடிக்க மாட்டேன், மண்ண வாரித் தூத்த மாட்டேன். டாக்டரு நர்சுன்றாரு. நர்சு கம்ப்யூட்டருன்னுது. கம்ப்யூட்டரு வாயத் தொறக்குமா? யாருன்னே தெரியாம எம் புள்ள போயிட்ச்சின்னு நான் எப்படி இருக்கறது?" குரல் உயரவே இல்லை. பதினோரு முகங்களையும் ஒன்று ஒன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். "இத்தினி பேரு இருக்கீங்களே. ஒருத்தருக்கும் தெரியாதா?"

மூத்தவள் என்கிற முறையில் ஷோபனாதான் பேசினாள். "எங்க யாருக்கும் தெரியலக்கா."

ஜெயக்கொடி சீட்டை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு படி இறங்கிப் போய்விட்டாள். அவள் போன பிறகு மூலையில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள். மகாலட்சுமி. நாலு மாதத்துக்கு முன்னால் டிரெய்னியாகச் சேர்ந்தவள், ஷோபனாவின் தெருவுக்காரி, ஷோபனா சொல்லித்தான் வேலையே கிடைத்தது.

"அக்கா, அது நானா இருக்கும்க்கா," என்றாள் அவள், ஷோபனாவைத் தனியாகக் கூப்பிட்டு. "அந்த வாரம் மருந்து ஃபைல்ல எழுத்து சைஸ் மாத்தச் சொன்னாரு சார். அத தொறந்தவ நாந்தான். அந்தப் பட்டன அழுத்தினா இன்னாலாம் போவுதுன்னு எனக்கு இன்னும் ஒழுங்கா தெரியாதுக்கா. எல்லாத்தையும் அழுத்திட்டு சாமியக் கும்பிட்டுக்குவேன்."

"நீ எழுதின மாத்தம் தனியா இருக்குது. எழுத்து சைஸ் மட்டும்தான். இது வேற."

"ரெண்டு தபா அழுத்தியிருப்பேன்."

"லூசு மாதிரி பேசாத."

ஆனால் அவள் வெற்றிவேலிடமும் போய் அதையே சொல்லியிருந்தாள், அவருக்கு அது லூசுத்தனமாகப் படவில்லை. செவ்வாய்க்கிழமை ஷோபனாவைத் தன் பிளைவுட் அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். "போலீஸ் ஸ்டேஷன்ல கேசு போட்டுட்டு வியாழக்கிழமைக்குள்ள ஒரு பேர் கேக்கறாங்க. பதிவ அப்படியே குடுத்தா உன் பேரு. உன்ன வுட்டா கம்பெனிக்கு ஆள் இல்ல. எல்லாம் ஒரே பேர்ல போச்சின்னு சொன்னா பதினாலு ஆஸ்பத்திரியும் கையெடுத்துக் கும்பிட்டுப் போயிடும். அந்தப் பொண்ணு தானாவே வந்து நாந்தான்னுது. டிரெய்னி தெரியாம, உன் சீட்டுல உக்காந்து அழுத்திடுச்சின்னா வக்கீல் ஜாமீன் வாங்கிடுவாரு."

"அவ செய்யல சார்."

"அப்ப யாரு? நீயா?"

"இல்ல!"

"பின்ன இன்னா?"

அன்று முழுக்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை. புதன்கிழமை காலை பஸ்ஸில் வரும்போதுதான் அது உறைத்தது. அந்த ரிப்பேர்காரன் பெயரைக் காப்பி எடுத்தான், சாவியைக் காப்பி எடுத்தான். ஆனால் ஒவ்வொரு கணினியும் தனக்கென்று ஒரு நாட்குறிப்பு எழுதிக்கொள்ளும். மாற்றம் எந்தக் கணினியில் பதிவானதோ, அதன் குறிப்பில் மட்டும் 'கமிட்' என்று இருக்கும். மற்றவற்றில் 'புல்', அதாவது வெளியே இருந்து வந்தது என்று இருக்கும். அதை எந்த ரிப்பேர்காரனும் மாற்ற முடியாது. இத்தனை நாள் இது தோன்றவில்லையே என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

ஆபீஸுக்குள் நுழைந்ததும் மகாலட்சுமியின் காதில் சொன்னாள். "மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போனதும் பாத்துடறேன். உம் மெஷின்ல இல்லன்னா நீ இல்ல. தெரிஞ்சிடும். தைரியமா இரு."

"இருந்தா?"

"இருக்காதுடி."

அன்றைக்கு அமாவாசை. வெற்றிவேல் மாதம் தவறாமல் மேல்மலையனூர் கோயிலுக்குப் போகிறவர். இந்த மாதம் கேட்கவே வேண்டாம். ஒரு மணிக்குப் பத்துப் பேரும் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடித் தகரக் கொட்டகைக்குப் போனார்கள். ஷோபனா முதலில் மகாலட்சுமியின் நாற்காலியில் உட்கார்ந்தாள். கறுப்புத் திரையைத் திறந்து, கட்டளையைத் தட்டி, அந்தத் திங்கட்கிழமை வரைக்கும் ஓட்டினாள். 11.44, புல். அப்பாடா என்று ஒரு மூச்சு வெளியே வந்தது. அப்போதே மாடிக்கு ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். யார் என்றும் தெரிந்துகொண்டு சொல்வோமே என்று அடுத்த நாற்காலிக்குப் போனாள்.

இளவரசனின் கணினி, புல். ஜெயஸ்ரீயினுடையது, புல். நெடுமாறன் மீது அவளுக்கு ஒரு சந்தேகம் இருந்தது. கண்டபடி அழுத்துகிற ஆள். அதுவும் புல். ஒவ்வொரு நாற்காலியாகச் சுற்றி வந்தாள். பத்தும் புல். எதையோ விட்டுவிட்டோம் என்று மறுபடி எண்ணினாள். பத்துதான். அவளுடையது மட்டும் பாக்கி. அதைப் பார்க்கவேண்டும் என்றே அவளுக்கு இதுவரை தோன்றவில்லை.

தன் இடத்தில் உட்கார்ந்து தட்டினாள். 11.42. கமிட். டெம்ப்.

யாரோ தன் சீட்டில் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஒரு நொடி நினைக்கப் பார்த்தாள். நினைப்பு நிற்கவில்லை. அதற்குள் எல்லாம் வந்துவிட்டது. ஆபீஸ் போன் அடித்தது. பள்ளிக்கூட முகாம் நடத்துகிற ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு நர்ஸ். "மேடம், ஏழாவது எட்டாவது படிக்கிற பசங்க, எல்லாம் முப்பது நாப்பது கிலோ. ஒவ்வொருத்தனுக்கும் அந்தச் செவப்புப் பொட்டி வந்து நிக்குது. எரநூறு பேரு லைன்ல இருக்கானுங்க. முகாம் முடியறவரைக்கும் எடுத்து வுடுங்க மேடம்." போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, ஆறு வரிக்கும் முன்னால் கோடு போட்டு, பட்டனை அழுத்தி, "சாயங்காலம் திரும்பப் போட்டுடறேன்," என்றவள் அவள்தான். சாயங்காலம் மறந்துவிட்டாள். அன்று சாயங்காலம் அவளுக்கு என்ன வந்தது? ஒன்றும் வரவில்லை. வீட்டில் சாவும் இல்லை, கல்யாணமும் இல்லை. ஐந்தரைக்குப் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிப் போனாள், அவ்வளவுதான்.

மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். ஜெயக்கொடியிடம், 'எங்க யாருக்கும் தெரியலக்கா' என்று சொன்ன வாய் இது. ஸ்டேஷன் பெஞ்சில் தன் அம்மா உட்கார்ந்திருப்பது போலத் தோன்றியது. அதற்கு மேல் அவள் எதையும் யோசித்தாள் என்று சொல்ல முடியாது, கை யோசித்தது. நாட்குறிப்போடு நிரல் ஃபோல்டர் முழுவதையும் குப்பைத்தொட்டிக்குக்கூடப் போகாதபடி அழித்தாள். எடிட்டர் ஒளித்துவைத்திருக்கும் பழைய பிரதிகளையும் தேடிப் பிடித்து அழித்தாள். பொதுக் கிடங்கிலிருந்து எல்லாவற்றையும் புதிதாக இறக்கினாள். இனி அந்தக் கணினியின் நாட்குறிப்பு இன்றைக்குத்தான் பிறந்தது.

கெட்டிக்காரி அல்லவா, அடுத்ததும் உடனே விளங்கிவிட்டது. பத்தில் புல் என்று இருந்து, ஒன்று மட்டும் புத்தம் புதிதாக இருந்தால், அந்த ஒன்றுதான் என்று எவனும் சொல்லிவிடுவான். எழுந்து மறுபடி நாற்காலி நாற்காலியாகப் போனாள். அழித்தாள், இறக்கினாள். அழித்தாள், இறக்கினாள். மகாலட்சுமியின் நாற்காலி கடைசி. அந்தப் பெண் செய்யவில்லை என்பதற்கு உலகத்தில் இருந்த ஒரே சாட்சி அந்தத் திரையில் இருந்தது. அங்கே கை நின்றதா என்றால், நின்றது. மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. அழித்துவிட்டாள்.

வந்தவள் மகாலட்சுமி. டப்பாவில் பாதிச் சோறு அப்படியே இருந்தது. "பாத்தீங்களாக்கா?"

"பாத்தேன்."

"என் மெஷின்ல?"

"ஒண்ணும் தெரியல," என்றாள் ஷோபனா. "எதுலயும் தெரியல. எல்லாத்தையும் சுத்தம் பண்ணிட்டேன்."

மகாலட்சுமி அவள் முகத்தையே பார்த்தாள். எதையோ புரிந்துகொண்டது போலத் தலையாட்டினாள். போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தாள். சாப்பிட்டுவிட்டு வந்தவர்கள், காலையில் செய்த வேலையைக் காணோமே என்று முணுமுணுத்தார்கள். கிடங்கில் ஏதோ கோளாறு, அதனால் சுத்தம் செய்ய வேண்டியதாயிற்று என்று ஷோபனா சொன்னாள். அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று மறுபடி செய்யத் தொடங்கினார்கள்.

நாலு மணிக்கு வெற்றிவேல் நெற்றி நிறையக் குங்குமத்தோடு வந்தார். கூடவே வக்கீல் அடித்துக் கொடுத்த காகிதம். மகாலட்சுமியை அறைக்குள் கூப்பிட்டார், ஷோபனாவையும் கூப்பிட்டார். "படிச்சிட்டுப் போடும்மா. பயப்படாத. இன்னா இருந்தாலும் கம்பெனி உன் பின்னாடி நிக்கும்." மகாலட்சுமி படிக்கவில்லை. பேனாவை வாங்கினாள். கையெழுத்துப் போடுகிற இடத்தை விரலால் தேடினாள். ஷோபனா அதைப் பார்த்தாள்.

"சார், அவ இல்ல," என்றாள். "அது நான். முகாம்லேர்ந்து போன் வந்துச்சு, நாந்தான் எடுத்தேன், நாந்தான் அந்த வரிய நிறுத்தினேன். திரும்பப் போட மறந்துட்டேன். என் மெஷின்ல கமிட்னு இருந்துச்சு. அவளோடதுல புல்லுன்னு இருந்துச்சு."

"காட்டு."

"அழிச்சிட்டேன்."

"எத?"

"எல்லாத்தையும். பதினோரு மெஷினயும்."

வெற்றிவேல் சிரிக்கவும் இல்லாமல் கோபிக்கவும் இல்லாமல் ஒரு குரலில் சொன்னார். "ஏம்மா, செஞ்சவ எவளாவது அழிச்சிட்டு, அப்புறம் வந்து நாந்தான்னு சொல்வாளா? உங்க தெருப் பொண்ணு, நீ கொண்டாந்து சேத்த பொண்ணு. அவ மெஷின்ல பாத்துட்ட. மனசு கேக்கல, அழிச்சிட்ட. இப்ப நாந்தான்னு நிக்கற. ஊருல யாரக் கேட்டாலும் இதத்தான் சொல்லுவான்."

"அந்த நர்ஸக் கேளுங்க! முகாம் நர்ஸக் கேளுங்க சார்."

"பொது நம்பருக்கு போன் பண்ணுது. பொம்பளப் புள்ளைங்க அஞ்சு பேரும் வேல்நிலான்னுதான் எடுக்கறீங்க. அதுக்கு எந்தக் குரல் தெரியும்?" கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "தோ பாரு. நீ சொல்றது நெஜமாவே இருந்தாலும் நான் நம்பப் போறதில்ல. புரியுதா? வக்கீல் பேப்பர் அடிச்சிக் குடுத்தாச்சு."

அவர் நம்ப விரும்பாதவர். அவரோடு சண்டை போடலாம். மகாலட்சுமியோடு என்ன செய்வது? அவள் எழுந்துவந்து ஷோபனாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது.

"மத்தியானம் உங்க மொகத்தப் பாத்தப்பவே தெரிஞ்சிகிட்டேன்க்கா. இருக்காதுடின்னு சொல்லிட்டுப் போனீங்க. இருந்துச்சு. அதான எல்லாத்தையும் அழிச்சீங்க? எனக்காக இன்னும் பொய் சொல்லாதீங்க. எங்கம்மாகூட எனக்கு இவ்ளோ செய்யாது."

"மகா, சத்தியமா நாந்தான்டி."

"போதும்க்கா," என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

வெளியே வந்ததும் பையை எடுத்துக்கொண்டாள். நாளைக்கு ஸ்டேஷனுக்குப் போவதற்கு முன்னால் அந்தத் தாயைப் பார்த்துச் சொல்லிவிட வேண்டும் என்றாள். யார் என்று தெரிந்தால் போதும் என்றுதானே அவள் வந்து கேட்டாள். தனியாகப் போகப் பயமாக இருக்கிறது, துணைக்கு வருகிறீர்களா என்று ஷோபனாவைத்தான் கேட்டாள். ஷோபனா கூடப் போனாள். பஸ்ஸில் மூன்று தடவை சொல்லிப் பார்த்தாள். மூன்று தடவையும் அந்தப் பெண் அவள் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டு, "வுடுங்கக்கா," என்றாள்.

ஜெயக்கொடியின் வீடு ஒற்றை அறை. வாசலில் இன்னும் பொழுது இருந்தது. குழந்தையின் சட்டைகள் இரண்டு, துவைத்து, கொடியில் காய்ந்துகொண்டிருந்தன. இவர்களைப் பார்த்ததும் அவளுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. மகாலட்சுமி படிக்கட்டிலேயே முட்டி போட்டு அவள் காலைத் தொட்டாள்.

"நாந்தான்க்கா. அத எடுத்தது நாந்தான்."

"இல்லக்கா," என்றாள் ஷோபனா. "இவளுக்கு ஒண்ணும் தெரியாது. நான். அன்னிக்கு உங்ககிட்ட தெரியலன்னு சொன்னேனே, நாந்தான் செஞ்சது."

"எனக்காகச் சொல்றாங்கக்கா. நம்பாதீங்க."

ஜெயக்கொடி ஒருத்தியைப் பார்த்தாள், மற்றவளைப் பார்த்தாள். கீழே கிடந்தவளின் கையிலிருந்து காலை விடுவித்துக்கொண்டாள்.

"அன்னிக்கு வந்து கேட்டப்ப ஒருத்தரும் இல்லன்னீங்க," என்றாள். "இன்னிக்கு ரெண்டு பேரு வந்து நிக்கறீங்க. நான் யாருன்னு வெச்சிக்கறது?"

அவள் கொடியிலிருந்து சட்டைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.